முன்னே நடந்தவர்கள்

பழனி மலைத்தொடரில் உள்ள பண்ணைக்காட்டின் காப்பித் தோட்டங்களுக்குள் போகும் தடங்களில் இருவர் தோளோடு தோள் சேர்ந்து நடக்க முடியாது. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சரிவு. ஓர் ஆள் அகலத்துக்கு மேல் மலை வழி விடுவதில்லை. ஒருவர் முன்னால் போவார், மற்றவர் பின்னால் வருவார். 'முன்னோர்' என்ற சொல்லைச் சமவெளியில் கேட்பதற்கும் இந்த மலையில் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். கீழே அது அமாவாசைக்கு நினைவுக்கு வரும் சொல். இங்கே அது நடையைச் சேர்ந்த சொல். முன்னே போகிறவர் யாரோ அவர் முன்னோர்.

'முன்' இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். கோயிலுக்கு முன்னால் என்றால் எதிரே. பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் கழிந்துபோன நாள். 'பின்' என்பதும் அப்படியே. வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கும். 'அதைப் பின்னால பாத்துக்கலாம்' என்று சொன்னால் வரப்போகிற நாள். கழிந்ததைக் கண்ணெதிரிலும் வரவிருப்பதை முதுகுக்குப் பின்னாலும் வைத்திருக்கிறது தமிழ். எதிரே இருப்பதுதான் வருங்காலம் என்று பழகிவிட்ட மனத்துக்கு இது தலைகீழாகத் தெரியலாம். ஒற்றையடித் தடத்தில் ஏறிக்கொண்டே யோசித்தால் தலைகீழ் எதுவும் இல்லை. முன்னே போகிறவர் நமக்கு முந்திக் கிளம்பியவர். அவர் கால் வைத்த கல் நமக்குத் தெரிகிறது. எங்கே வழுக்கினார், எந்த வேரைப் பிடித்து ஏறினார் என்பதெல்லாம் நம் கண்ணுக்கு எதிரிலேயே நடக்கிறது. நமக்குப் பின்னால் வருபவரைத்தான் நாம் பார்க்க முடிவதில்லை.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில், பொலிவியாவும் பெருவும் பங்கிட்டுக்கொண்ட உயர்ந்த மேட்டு நிலத்தில், அய்மாரா மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மொழியில் 'நய்ரா' என்ற ஒரே சொல் கண்ணையும் முன்புறத்தையும் கடந்த காலத்தையும் குறிக்கும். முதுகுப்புறத்தைக் குறிக்கும் 'கிபா' வருங்காலத்துக்கும் பெயர். ரஃபேல் நூனியெஸ், ஈவ் ஸ்வீட்சர் என்ற இரு அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள முதியவர்கள் பழங்கதை பேசும்போது கையை முன்னே நீட்டுவதையும் நாளையைப் பற்றிப் பேசும்போது தோளுக்குப் பின்னால் காட்டுவதையும் பதிவு செய்தார்கள். உலகின் மறுகோடியிலும் மலையில் வாழ்கிற ஒரு கூட்டம் தன் மூத்தவர்களை எதிரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

ஆனால் தமிழ் அத்தோடு நிற்கவில்லை. 'எதிர்காலம்' என்றும் ஒரு சொல் வைத்திருக்கிறது. எதிர்காலம் எதிரே வருவது, நம்மை நோக்கி வருவது. தொல்காப்பியர் காலத்திலேயே இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று மூன்றாகப் பிரித்தாயிற்று. முன்னே போனவர்களும் எதிரில் இருக்கிறார்கள், வரப்போவதும் எதிரிலிருந்து வருகிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? மலைத்தடத்தில் பொருந்தும். நமக்கு முந்தி ஏறிப் போகிறவரின் முதுகும், மேலிருந்து இறங்கி வருகிறவரின் முகமும் ஒரே திசையில்தான் தெரியும்.

அந்த மூன்றில் முதலில் நிற்கும் 'இறப்பு' என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இன்று அந்தச் சொல் சாவு என்ற ஒரே பொருளில் சுருங்கிவிட்டது. பழந்தமிழில் இறத்தல் என்றால் கடத்தல். சங்கப் பாடல்களில் தலைவன் மலையை இறந்து போனான் என்று வந்தால் தோழி அழ வேண்டியதில்லை. அவன் அந்த மலையைத் தாண்டி அப்பால் போயிருக்கிறான், பொருள் தேடித் திரும்பி வருவான். 'இறந்தோர்' என்று அங்கே வந்தால் பெரும்பாலும் காட்டையும் குன்றையும் கடந்து போனவர்கள்தான். இறந்த காலம் என்பதும் செத்த காலம் ஆகாது. நம்மைக் கடந்து அப்பால் போன காலம், அவ்வளவே. இந்தப் பழைய பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு 'எங்க தாத்தா இறந்துட்டாரு' என்ற வாக்கியத்தை மறுபடி சொல்லிப் பார்த்தால், அதில் ஒரு மலைச்சரிவும் அதன் மறுபுறமும் தெரியும்.

பண்ணைக்காட்டுக்கு அடுத்த ஊரின் பெயரே இதற்கு உரை எழுதி வைத்திருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைச்சாலையில் ஊத்து என்ற இடத்தில் பிரிந்தால் பண்ணைக்காடு. அதே சாலையில் மேலும் போனால் தாண்டிக்குடி. முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தான், தாண்டிக்குதி தாண்டிக்குடி ஆயிற்று என்பது ஊரில் வழங்கும் கதை. சொல்லாராய்ச்சியாளர் இதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். சங்கப் புலவர் 'இறந்து' என்று சொன்ன இடத்தில் நம் காலத்துத் தமிழ் 'தாண்டி' என்று சொல்கிறது. மலையைத் தாண்டிப் போன ஒருவன் நினைவாக ஊருக்குப் பெயர் என்று மக்கள் நம்புகிறார்கள். அதுவே எனக்குப் போதும்.

இனி 'முன்னோர்' என்பதன் ஈற்றுக்கு வருவோம். 'ஓர்' பலர்பால் ஈறு. இந்தச் சொல்லுக்கு ஒருமையும் உண்டு, ஆனால் ஒருமை ஆனவுடன் பொருள் வேறு பக்கம் போய்விடுகிறது. முன்னோன், முன்னவன் என்றால் பழைய நூல்களில் கடவுள், அல்லது உடன்பிறந்த அண்ணன். விநாயகனையும் முன்னோன் என்பார்கள். ஒருவனாக இருக்கும்வரை அவன் தெய்வம், இல்லையேல் வீட்டு அண்ணன். பலர் ஆனால்தான் மூதாதையர். தனித்தனியாக முகம் தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல்லை நாம் தருவதில்லை. சொந்தத் தாத்தாவை யாரும் 'என் முன்னோர்' என்று அறிமுகம் செய்வதில்லை. அவர் தாத்தா. அவருக்கும் அப்பால், பெயர்கள் ஒன்றோடொன்று கலந்து கூட்டமாகிவிட்ட இடத்தில்தான் 'முன்னோர்' தொடங்குகிறது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் 'முன்னோர்கள்' என்பதில் உள்ள 'கள்' மிகை என்று திருத்துவார்கள். இலக்கணப்படி சரிதான். ஆனாலும் அந்தக் கூட்டத்தின் பெருக்கத்துக்கு ஒரு பன்மை போதவில்லை என்று பேசுகிறவர் நாக்கு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வதை நான் குறையாக நினைக்கவில்லை.

இன்னொரு நயம் இதைவிடப் பெரிது. இந்தச் சொல்லில் இரத்தம் இல்லை. பாட்டன் என்றால் உறவு, குலம் என்றால் பிறப்பு, மூதாதை என்பதற்குள்ளும் 'தாதை' என்ற தந்தை இருக்கிறார். முன்னோர் என்பதில் தகப்பனும் இல்லை, தாயும் இல்லை, கொடிவழியும் இல்லை. முன் இருந்தவர்கள் என்று மட்டும்தான் அது சொல்கிறது. இந்த மலையில் அந்த அடக்கம் மிகவும் தேவைப்படுகிறது. ஏனென்றால் பண்ணைக்காட்டைச் சுற்றி முன் இருந்தவர்கள் யார் என்று கேட்டால் பதில் ஒரே குடும்பத்துக்குள் அடங்காது.

பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பாறைகள் மீது கற்திட்டைகள் நிற்கின்றன. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் ஏற்றி, சுண்ணாம்பும் சாந்தும் இல்லாமல் எழுப்பியவை. சில இடங்களில் பல திட்டைகளை வரிசையாக அமைத்துச் சுற்றிலும் கல்மதில் கட்டியிருக்கிறார்கள். மண்ணே இல்லாத மொட்டைப் பாறையில் குழி தோண்ட முடியாது. அதனால் தரைக்கு மேலேயே கல்லறை கட்டினார்கள். செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைத் துறவியர் ஆங்கிலேட், நியூட்டன் இருவரும் இவற்றைத் தேடித் தேடி நடந்து, அளந்து, படம் வரைந்தார்கள். அவர்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் தன் ஆய்வேட்டு வரிசையில் 36-ஆம் எண்ணாக வெளியிட்டது. பின்னர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார். வெளியூர்ப் பொருளான சூதுபவள மணிகளைக்கூட இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுவந்து தங்கள் இறந்தவர்களோடு வைத்திருக்கிறார்கள் என்று அப்போது தெரிந்தது.

இவற்றைக் கட்டியவர்கள் யாருடைய பாட்டன்? காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர் இங்கே இருக்கிறார்கள். மலைப்புலையர் இருக்கிறார்கள். குன்னுவர் இருக்கிறார்கள். குன்னுவ வேளாளர் சில நூற்றாண்டுகளுக்கு முன் கொங்குச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்ற மரபை 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட விவரச்சுவடியில் பிரான்சிஸ் குறித்திருக்கிறார். குன்னுவர் என்பது குன்றுவர். விட்டுவந்த ஊரின் பெயரைச் சூட்டிக்கொள்ளாமல் வந்து சேர்ந்த குன்றின் பெயரைச் சூட்டிக்கொண்ட அந்தப் பெயரை நான் வியந்து பார்க்கிறேன். காப்பித் தோட்டங்கள் வந்தபின் கீழ்நாட்டிலிருந்து ஏறியவர்களும் இன்று இந்த ஊர்க்காரர்கள்தான். கற்திட்டைகளைத் தன் இரத்தம் என்று இவர்களில் யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் 'முன்னோர்' என்று எல்லோருமே சொல்லலாம். ஒரே தடத்தில் முந்திப் போனவர்களை அப்படிச் சொல்லச் சொந்தம் தேவையில்லை.

மக்கள் இந்தக் கல்வீடுகளுக்கு வைத்த பெயர்களும் கவனிக்கத்தக்கவை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இவை பாண்டவர் வீடு. சில இடங்களில் குள்ளர் வீடு, வாலியர் வீடு. திருவண்ணாமலைப் பக்கம் மோரியர் வீடு. வனவாசத்தில் பாண்டவர் தங்கினார்கள், குட்டை மனிதர்கள் கட்டினார்கள் என்று கதை. எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று தள்ளி வைப்பதுபோலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் தள்ளவில்லை, இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் 'வீடு' என்றுதான் சொல்கிறார்கள். கல்லறை என்று தெரியாமலா? தெரிந்தும் வீடு என்றார்கள் என்றே நினைக்கிறேன்.

தரைக்குள் அமைந்த கல்லறைக்குத் தொல்லியலார் எடுத்துக்கொண்ட சொல் கற்பதுக்கை. பதுக்கை சங்கப் பாடல்களில் வரும் சொல். பாலை வழியில் அம்பு பட்டு வீழ்ந்தவர்கள் மேல் கல்லையும் தழையையும் குவித்து மூடிய மேடு அது. அந்தக் கற்குவியலைக் கடந்துதான் தலைவன் போவான். நடந்துகொண்டே இருந்து நடையிலேயே முடிந்தவர்களின் அடையாளம், இன்னும் நடக்கிறவர்களின் வழியோரத்தில். தெற்கே வைகைக் கரையில், ஆண்டிபட்டிக்கு அருகே புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் பட்ட தீயன் அந்தவனின் கல் என்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எழுத்து. மலைமேல் பெயரே இல்லாத நூற்றுக்கணக்கான கற்கள், கீழே பெயரோடு ஒரு கல். பெயர் வந்தவுடன் அந்தவன் ஒருமை ஆகிவிட்டான், தெய்வமாகிக் கும்பிடத் தக்கவன் ஆகிவிட்டான். மேலே உள்ளவர்கள் இன்னும் முன்னோராகவே இருக்கிறார்கள்.

முன்னோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு வேர் 'முது'. மூத்தவர், மூதூர், முதுகுடி, மூதில் எல்லாம் இதிலிருந்து வந்தவை. முதுமக்கள் தாழி என்ற தொடரில் 'மக்கள்' என்ற சொல் எவ்வளவு கனிவாக வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். பிணத்தாழி என்றோ எலும்புத்தாழி என்றோ சொல்லியிருக்கலாம். மக்கள் என்றால் மனிதர், மக்கள் என்றால் பிள்ளைகளும்தான். முதிர்ந்து முதிர்ந்து கடைசியில் மறுபடி பிள்ளைகளாகித் தாழிக்குள் மடங்கி இருப்பவர்கள் என்று அந்தத் தொடர் என் காதில் விழுகிறது. புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் வழியில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தாழி வனையும் குயவனைப் பார்த்து அதைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். அந்தப் பாட்டின் துறைக்குப் பெயர் முதுபாலை. இங்கேயும் ஒரு 'முது'.

முதுகாடு என்றால் இடுகாடு. காடு என்ற சொல் தமிழில் மூன்று வாழ்க்கை வாழ்கிறது. மரம் அடர்ந்த இடம் காடு. கொங்கு நாட்டில் உழுது விதைக்கும் புன்செய் காடு. கடைசியில் கொண்டுபோய் வைக்கும் இடமும் காடு. வீடு போபோ என்கிறது, காடு வாவா என்கிறது என்று முதியவர்கள் சொல்வது இந்த மூன்றாவது காட்டை. பண்ணைக்காடு என்ற ஊர்ப்பெயரில் மூன்றும் ஒலிக்கின்றன. சோலைக்காட்டை வெட்டித் திருத்தியது பண்ணை. பண்ணைக்கு அப்பால் இன்னும் காடு. பாறைமேல் முதுகாடு.

பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. ராஜன் குழுவினர் 2009, 2010 ஆண்டுகளில் அங்கே ஒரு கல்லறையைத் திறந்தபோது நான்கு கால் வைத்த சாடி ஒன்றில் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. கரிமக் கணிப்பில் அதன் காலம் கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில் ஒரு தாங்கியில் 'வயிர' என்ற எழுத்து. இறந்தவருக்கு நெல் போட்டு வைத்த கை எந்தச் சொல்லால் அவரை அழைத்ததோ நமக்கு எட்டாது. ஆனால் ஒரு செய்தி அந்தச் சாடியில் தெளிவாக இருக்கிறது. வைத்தது சோறு கிடையாது, நெல். சமைத்தது ஒருவேளைக்குத்தான். உமி நீங்காத நெல் விதையும் ஆகும்.

முது என்ற வேரைச் சுமந்துகொண்டு ஒரு மக்களினமே இந்த மலைகளின் மேற்குத் திசையில் வாழ்கிறார்கள். மூணாறு, ஆனைமலை, போடி மலைகளின் முதுவர். மதுரையை விட்டு மலையேறியபோது தெய்வத் திருமேனிகளையும் குழந்தைகளையும் முதுகில் கட்டிச் சுமந்து வந்ததால் முதுவர் ஆனோம் என்பது அவர்கள் மரபு. முதுமையால் முதுவரா, முதுகால் முதுவரா என்று வழக்குத் தீர்க்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் கேட்க முடிகிற மொழி நமக்குக் கிடைத்திருக்கிறது. முன்னே நடந்தவரின் முதுகு, அதன்மேல் ஒரு குழந்தை, அந்தக் குழந்தையின் கண்கள் பின்னால் வருகிறவர்களைப் பார்த்தபடி.

உறவுச் சொற்களின் ஏணி தனி அழகு. திண்டுக்கல், மதுரைப் பக்கம் 'பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து' என்றால் நினைவுக்கு எட்டிய தூரம் முழுவதும் அடங்கிவிடும். பூட்டனுக்கு மேல் ஓட்டன். கொள்ளுத் தாத்தா, எள்ளுத் தாத்தா என்று இன்னொரு வரிசை. சொற்பிறப்பு எதுவாகவும் இருக்கட்டும், காதில் விழுவது தானியம். கொள்ளைவிட எள் சிறியது. தூரம் போகப் போக உருவம் சிறுத்துப் போகிறது. கீழே இறங்கினாலும் அதே கணக்கு: கொள்ளுப் பேரன், எள்ளுப் பேரன். மேலே ஏறிய அளவே கீழேயும்.

ஓட்டனுக்கு மேல் சேயோன், அவனுக்கு மேல் பரன், பரனும் பரையும் சேர்ந்து பரம்பரை என்று ஒரு விளக்கம் இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. பரம்பரை வடசொல், ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்பது அதன் பொருள். இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் சேயோன் என்ற பெயரை அந்த வரிசையில் வைத்தவர் யாரோ அவருக்குத் தமிழ்க் காது இருந்திருக்கிறது. சேய் என்றால் தொலைவு. சேய் என்றால் குழந்தை. சேய் என்றால் சிவந்தவன். தொல்காப்பியம் மலை உலகத்துக்குத் தெய்வமாகச் சொல்லும் முருகன் சேயோன். மிகத் தொலைவில் உள்ளவனும் மடியில் கிடக்கிறவனும் ஒரே சொல்லில் இருக்கிறார்கள்.

பேரன் என்ற சொல்லும் அப்படித்தான். பெயரன், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். முதல் பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் இந்தச் சொல்லை நூற்றாண்டுகளாக உண்மையாக்கி வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தா, பேத்தி என்றால் பாட்டி. பேரப்பிள்ளை என்றால்தான் அடுத்தடுத்த தலைமுறை. பாக்கு நீரிணையின் இருகரையிலும் ஒரே சொல், ஒரு கரையில் மேல் நோக்கி, மறுகரையில் கீழ் நோக்கி. பெயர் ஒன்றாகிவிட்டபின் யார் யாருக்குப் பெயரன் என்று எந்தப் பக்கமிருந்தும் சொல்லலாம்.

தொடங்கி வைத்தவரைக் குறிக்கத் தமிழிடம் 'முதல்' இருக்கிறது. முதல்வன், குலமுதல், முதனூல். கடைக்காரர் போட்ட பணமும் முதல்தான். அடிமரமும் வேரும்கூட முதல்தான். அகப்பொருள் இலக்கணத்தில் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் வைத்தார்கள். தெய்வமும் மனிதரும் மரமும் பறையும் கருப்பொருளில்தான் வருகிறார்கள், அதாவது இரண்டாவதாக. இந்த வரிசையில் நான் காணும் நேர்மை பெரிது. குறிஞ்சிக்கு முதல் எந்த வீரனும் இல்லை, மலையும் கூதிர்கால யாமமும்தான்.

இங்கே ஒரு வாழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலைமுறைக்குத் தமிழர் வைத்த தொடர் வாழையடி வாழை. தாய்மரம் குலை தள்ளிச் சாயும், அதன் அடியிலேயே பக்கக்கன்று நிற்கும். பழனி மலையின் கீழ்மலைகள் விருப்பாட்சி மலைவாழையின் நிலம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் பழம், 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. பரந்து கிடந்த அந்தத் தோட்டங்களை முடிக்கொத்து நோய் அழித்தது. அது வைரஸ் நோய். அசுவினிப் பூச்சி மூலம் பரவும். நோய் கண்ட தாயிடமிருந்து எடுத்த கன்றிலும் அது இருக்கும். வாழையடி வாழை என்ற தொடர் இந்த மலையில் அப்படியே உண்மையாயிற்று, அதன் இருண்ட பக்கமும் சேர்ந்து. நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை நட்டுத்தான் மலைவாழையை மீட்க வேண்டியிருந்தது. தாய்மரத்தின் அடியில் முளைக்காத கன்று அது, ஆனாலும் அதே மலைவாழை. முன்னோர் என்ற சொல்லுக்கு நான் சொன்ன இரத்தமில்லாத பொருள் வாழைக்கும் பொருந்துகிறது.

தென்புலத்தார் பற்றி ஒரு வார்த்தை. வள்ளுவர் 43-ஆம் குறளில் இல்வாழ்வானின் ஐந்து கடமைகளில் இவர்களைத்தான் முதலில் வைத்தார். பரிமேலழகர் இவர்களைப் படைப்புக் காலத்தில் நான்முகன் படைத்த தெய்வ இனம் என்றும், இருப்பிடம் தென்திசை என்றும் உரை சொன்னார். எனக்கு அந்த உரையைவிடச் சொல்தான் நெருக்கம். இறந்தவர்களை மேலுலகத்தில் வைக்காமல், ஒரு திசையில், ஒரு புலத்தில் வைக்கிறது அது. புலம் என்றால் நிலம், வயல். கை நீட்டிக் காட்டக்கூடிய இடம். பண்ணைக்காட்டிலிருந்து தெற்கே பார்த்தால் மலை சரிந்து இறங்கி வைகைச் சமவெளி விரிகிறது. அந்தவனின் கல் நின்றதும் அந்தச் சமவெளியில்தான்.

கடைசியாக, முன்னோரைக் குறிக்கும் சொற்களிலேயே மிகச் சிறியதைச் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் விதி சொல்லும்போது பல இடங்களில் 'என்ப' என்றும் 'மொழிப' என்றும் முடிக்கிறார். என்று சொல்வார்கள் என்பது பொருள். யார் சொல்வார்கள் என்று பெயர் குறிப்பதில்லை. தமிழுக்குக் கிடைத்த மிகப் பழைய இலக்கணமே தன்னை முதல் என்று சொல்லிக்கொள்ளாமல், தனக்கும் முன்னால் பலர் இருந்தார்கள் என்று வினைமுற்றுக்குள் அவர்களை வைத்துப் போகிறது. பின்னால் நன்னூலின் பாயிரம் முன்னோர் சூத்திரத்தை அப்படியே எடுத்தாள்வதற்குக் காரணம் சொல்ல ஒரு வெண்பாவே ஒதுக்கியது.

'என்ப' ஏட்டோடு நின்றுவிட்டது. அதன் வேலையை இன்று பேச்சுத் தமிழில் 'ஆம்' செய்கிறது. அவங்க குட்டையா இருந்தாங்களாம். பலகைக்கல்லை அவங்களே தூக்கி வச்சாங்களாம். தீ மழை பெய்யும்னு பயந்து உள்ளே போய் இருந்தாங்களாம். கற்திட்டைக் கதை எந்த ஊரில் கேட்டாலும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அந்த 'ஆம்' விழும். நான் பார்க்கவில்லை, எனக்குச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சொன்னவர்கள் இருந்தார்கள் என்ற முழுச் செய்தியும் அந்த ஈரெழுத்துக்குள் இருக்கிறது. கதையை உண்மை என்று அது சாதிப்பதில்லை, பொய் என்று தள்ளுவதும் இல்லை. சொன்னவர் பெயரைக் கேட்டால் 'பெரியவங்க சொல்வாங்க' என்பதோடு பதில் முடிந்துவிடும்.